கடைமடைக் கதைக்கு ஒரு தலைப்பு வேண்டும்

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருந்த சிறுவர் நாவலை ஒரு வழியாக முடித்துவிட்டேன். 22 அத்தியாயம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. மாயக்கதைதான், ஆனால் அரண்மனை, மந்திரக்கோல் எதுவும் கிடையாது. எங்கள் ஊர் வாய்க்காலும் மதகும்தான். கதை முடிந்து எட்டு மாதம் ஆகிறது, தலைப்பு மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

கதை இதுதான். தேனு என்று ஐந்தாம் வகுப்புப் பெண். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குச் சற்று மேலே ஒரு கடைமடைக் கிராமம், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். தாத்தா ஓய்வு பெற்ற லஸ்கர், மதகு திறந்து மூடும் வேலை பார்த்தவர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்று. மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறந்தாயிற்று. ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீரைப் பிரித்தும் விட்டாயிற்று. ஊருக்கு மட்டும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் ‘கடைமடை வரை சேர்ந்தது’ என்று எழுதியிருக்கிறது. தேனு வாய்க்கால் கரையோடு வடக்கே நடக்கிறாள். ஏழாவது மதகில் ஒரு பூதம் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பூம்புகாரில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த சதுக்கபூதம். இப்போது மனிதர்களைப் பிடிப்பதை விட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் பொய்யைத் தின்று பிழைக்கிறது. தின்றுதின்று கொழுத்து, மதகுக்குள் சிக்கிக்கொண்டது. அது இளைத்தால்தான் தண்ணீர் வரும்.

யோசித்து வைத்திருக்கும் தலைப்புகள்: கடைமடை ராஜ்ஜியம். மாயமதகு. ஏழாவது மதகின் ரகசியம். தேனுவும் சதுக்கபூதமும். பொன்னியைத் தேடி.

எது பரவாயில்லை? எதுவுமே சரியில்லை என்றாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சம்பா_தாளடி எழுதியது:

கடைமடை ராஜ்ஜியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் பக்கத்துச் சொல் புத்தக அட்டையில் வரட்டுமே. எங்கள் ஊரில் நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அந்த வலி ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

கொங்குக்காரன் எழுதியது:

கோவையிலிருந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகளிடம் ‘கடைமடை ராஜ்ஜியம்’ என்றால் என்ன என்று கேட்டேன். “மளிகைக் கடைக்காரர் ராஜாவா அப்பா?” என்றாள். கடை என்றால் அவளுக்குக் கடைதான். மடை அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கே உங்கள் பதிவைப் படித்துத்தான் சரியாகப் புரிந்தது.

சம்பா_தாளடி எழுதியது:

மளிகைக் கடை ராஜாவா. சரிதான். இப்படியே எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டே போனால் அப்புறம் புத்தகத்தில் என்ன மிஞ்சும்?

நூலகத்து மாமா எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள்.

திருவாரூர் பக்கம் ஊர்ப்புற நூலகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன். பிள்ளைகள் புத்தகம் கேட்கும் விதத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளையும் முழுத் தலைப்பைச் சொல்லிக் கேட்காது. “அந்தப் பச்சை அட்டை, யானை படுத்திருக்குமே, அது” என்று கேட்கும். இல்லையென்றால் தலைப்பில் ஒரு சொல்லைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். ஐந்து சொல்லில் தலைப்பு வைத்தாலும் அதன் வாயில் மிஞ்சுவது ஒன்றுதான். அந்த ஒன்று எது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, பிள்ளை முடிவு செய்கிறதா என்பதுதான் விஷயம்.

‘மாய’, ‘மர்ம’, ‘ரகசிய’, ‘அதிசய’. இந்த நான்கையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அகர வரிசையில் அடுக்கும்போது சிறுவர் அலமாரியில் ‘மா’ வரிசை மட்டும் ஒரு தட்டு நிறைய வரும். மாயக் குதிரை, மாயக் கிணறு, மாயத் தொப்பி என்ற ரகம். நேற்று எடுத்துப் போனது எது என்று பிள்ளைக்கே தெரியாது, படித்ததையே திரும்ப எடுத்துப் போகும். அந்த வகையில் ‘மாயமதகு’ போயிற்று. ‘ஏழாவது மதகின் ரகசியம்’ கொஞ்சம் தேவலாம். எண் இருக்கிறது, பிள்ளைக்கு எண் பிடிக்கும். ஆனால் ரகசியம் என்று நீங்களே சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன ரகசியம்?

ரெட்டைவால்_அம்மா எழுதியது:

‘பொன்னியைத் தேடி’ வேண்டவே வேண்டாம் அக்கா. பொன்னி என்றால் எங்கள் வீட்டில் அரிசி மூட்டை. டெல்டாவில் பொன்னி என்று பெயர் வைக்காத கல்யாண மண்டபம் எது?

ஒற்றுப்பிழை எழுதியது:

‘தேனுவும் சதுக்கபூதமும்’ என்பதே கண்ணியமாக இருக்கிறது. சதுக்கபூதம் இந்த மண்ணின் செல்வம். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூர் எடுத்த காதையில் வருகிறது. பொய்த் தவசி, கள்ள அமைச்சன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன் இவர்களையெல்லாம் கயிற்றால் பிணித்து அடித்து உண்ணும் பூதம். நான்கு காதத்துக்கு அதன் குரல் கேட்குமாம். இதைவிடப் பெரிய மாயக்கதை எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். புரியாவிட்டால் கேட்கட்டும், ஆசிரியர் சொல்லட்டும்.

கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நூலகத்து மாமா எழுதியது:

அய்யா, ஆசிரியர் சொன்னால்தான் புரியும் என்கிற தலைப்போடு வரும் புத்தகத்தைப் பிள்ளை பாடப்புத்தகம் என்று நினைத்துக்கொள்ளும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸின் கதை 1864-ல் கையெழுத்துப் பிரதியாக இருந்தபோது ‘நிலத்தடியில் ஆலிஸ்’ என்கிற மாதிரிதான் பெயர். அது சுரங்கத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பாடநூல் போல இருக்கிறது என்று பேச்சு வந்ததாம். அடுத்த வருடம் அச்சில் வந்தபோது ‘அற்புத உலகில்’ என்று ஆகிவிட்டது. அந்தச் சிக்கல்தான் இங்கே ‘மதகு’ என்ற சொல்லுக்கு. பாசனத்துறை கையேடோ என்று தோன்றிவிடும்.

அச்சுக்கூடம் எழுதியது:

தஞ்சாவூரில் சிறிய பதிப்பு வேலை செய்கிறேன். இலக்கியம் எனக்கு வராது, அட்டை வரும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டெமி அளவில் இந்த நாவல் 160 பக்கம் போல வரும். புத்தகத்தின் முதுகு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ‘ஏழாவது மதகின் ரகசியம்’ என்று அதில் போட்டால் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். புத்தகக் காட்சியில் முகம் காட்டி வைக்க எல்லாப் புத்தகத்துக்கும் இடம் கிடைப்பதில்லை. முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல், நல்லது.

இன்னொன்று, படம் சொல்வதைத் தலைப்பும் சொல்லக்கூடாது. அட்டையில் எப்படியும் ஓவியர் பூதத்தைத்தான் வரையப் போகிறார், வேறு எதை வரைவார்? பூதம் படத்தின் கீழே ‘சதுக்கபூதம்’ என்று போட்டால் அரிச்சுவடியில் அணில் படத்தின் கீழே அணில் என்று போட்ட மாதிரி.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் தலைப்பு முடிவான பிறகு விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் முகமை இலவசமாகவே தருகிறது, அவசரம் இல்லை. புத்தகம் வெளிவந்த பிறகு தலைப்பை மாற்றினால் அந்த எண் செல்லாது, வேறு எண் வாங்க வேண்டும்.

கொங்குக்காரன் எழுதியது:

ஒரு சந்தேகம். வேறு யாராவது ஏற்கனவே வைத்த தலைப்பாக இருந்தால் வழக்கு வருமா?

அச்சுக்கூடம் எழுதியது:

வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 2015-ல் ஒரு இந்திப் படத்தின் தலைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. அதற்காக அடுத்தவர் புகழில் குளிர்காய்கிற மாதிரி வைக்கலாம் என்று அர்த்தமில்லை. தவிர, இணையத்தில் தேடினால் உங்கள் புத்தகம் வராமல் அவர் புத்தகம் வரும். நஷ்டம் நமக்குத்தான். வைப்பதற்கு முன்னால் தேடிப் பார்ப்பது நல்லது.

கோரையாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

மாமா சொன்ன ‘மா’ வரிசை சுருக்கென்று தைத்தது. ‘மாயமதகு’தான் எனக்குள்ளே முன்னணியில் இருந்தது, வெட்கமாக இருக்கிறது.

‘கடைமடை’யை விட மனசு வரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சொல். எங்கள் அப்பா கோபத்தில் கூட அதைத்தான் சொல்வார். பந்தியில் கடைசியில் உட்கார்ந்து பாயசம் கிடைக்காவிட்டால் “நமக்கு எங்கேயும் கடைமடைதான்” என்பார். ஆனால் கொங்குக்காரர் மகள் சொன்னதை ஒதுக்க முடியவில்லை. தெருவில் பதினான்கு பிள்ளைகளை உட்கார வைத்து, கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, தினம் ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினேன். அதில் கடைமடை என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருமே கடைமடைப் பிள்ளைகள். அது ஒரு சோதனையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

அய்யா, சதுக்கபூதத்தை நானும் ஆசையாகத்தான் வைத்தேன். பிரதி முழுக்க அதுதான் அதன் பெயர். ஆனால் படிக்கும்போது பாதிப் பேர் ‘சதுரபூதம்’ என்றார்கள். ஒருவன் கட்டம் போட்டுக் காலும் கையும் வைத்து வரைந்தே காட்டிவிட்டான். நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராத ஒரு பெண், மூன்றாம் நாள் ஓடி வந்து “டீச்சர், அந்தப் பொய்தின்னிக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்றாள். இப்படி ஆளுக்கு ஒரு பெயர். சதுக்கம் என்றால் நான்கு தெரு கூடும் இடம் என்று கதைக்குள்ளேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

‘பூதம் அடைத்த மதகு’ என்று நேற்று ஒன்று தோன்றியது. எப்படி இருக்கிறது?

சம்பா_தாளடி எழுதியது:

பூதம் அடைத்த மதகு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் மதகை அடைப்பது ஆகாயத்தாமரை. அதற்குப் பூதமே தேவலாம்.

ரெட்டைவால்_அம்மா எழுதியது:

‘தண்ணீர் எங்கே போச்சு?’ என்று கேள்வியாக வைத்தால் என்ன?

அச்சுக்கூடம் எழுதியது:

செய்தித்தாள் தலைப்பு மாதிரி இருக்கிறது அம்மா. அந்தத் தலைப்பில் வருடா வருடம் ஜூலை மாதம் ஒரு செய்தி வரும்.

நூலகத்து மாமா எழுதியது:

நில்லுங்கள், நில்லுங்கள். தங்கச்சி, உங்கள் பதிவையே திரும்பப் படித்துப் பாருங்கள். தலைப்பை எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பொய்தின்னி.

காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து வந்து கேட்ட பெயர். நீங்கள் வைத்த பெயர் அதன் நாக்கில் நிற்கவில்லை. அதற்கு வேண்டிய பெயரை அதுவே செய்துகொண்டது. எறும்புதின்னி தெரியும், அந்த அச்சில் இதை வார்த்துவிட்டது. நூலக மேஜைக்கு முன்னால் நின்று ஒரு பிள்ளை “பொய்தின்னி இருக்கா?” என்று கேட்பது என் காதில் விழுகிறது.

கொங்குக்காரன் எழுதியது:

மகளிடம் சொன்னேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பெயரை மட்டும்தான். “எவ்ளோ பொய் தின்னும்? வயிறு வலிக்காதா?” என்று கேட்டாள். மளிகைக் கடை ராஜாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ரெட்டைவால்_அம்மா எழுதியது:

எனக்கு ஒரு தயக்கம். ‘தின்னி’ என்பது திட்டுகிற சொல் இல்லையா? எங்கள் வீட்டில் சின்னவன் கூட இரண்டு இட்லி கேட்டால் பெரியவள் “தின்னிப்பண்டாரம்” என்பாள், அதற்கு நான் அவளை அதட்டுவேன். இந்தப் புத்தகம் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரை ஒருத்தர் பொய்தின்னி என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். கதையில் பூதம் நல்லதா கெட்டதா?

கோரையாற்றங்கரை எழுதியது:

பூதம் கெட்டது இல்லை அக்கா. பாவம், பசி. பொய் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அது தின்றுகொண்டே இருக்கிறது. ‘கடைமடை வரை சேர்ந்தது’ என்கிற ஒரே வரியை வருடா வருடம் தின்றுதான் அது அவ்வளவு கொழுத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முடிவைக் கெடுக்கிறேன் என்று திட்டாதீர்கள். அந்த வரியை முதல்முதலில் எழுதியது தேனுவின் தாத்தாதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலே இருந்தவர் எழுதச் சொன்னார் என்று எழுதினார். ஊரில் எல்லாரும் அவரவர் பொய்யை ஒப்புக்கொள்கிறார்கள், பூதம் இளைக்கிறது, ஆனாலும் ஒரு சாண் சிக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு சாண் தாத்தாவுடையது.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. தலைப்பு பூதத்தைப் பற்றியது என்று பிள்ளை படிக்க ஆரம்பிக்கும். கடைசியில் பார்த்தால் அத்தனை வருடம் அந்தப் பொய்யை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தவர் தாத்தா.

சம்பா_தாளடி எழுதியது:

லஸ்கர் தாத்தா என்றதும் எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு லாந்தரோடு போய் ஷட்டர் ஏற்றுவார். கீழ் ஊர்க்காரன் ஒரு பக்கம், மேல் ஊர்க்காரன் ஒரு பக்கம் நின்று திட்டுவான். அவரை வில்லனாக்கி விடாதீர்கள்.

கோரையாற்றங்கரை எழுதியது:

ஆக்கவில்லை அண்ணே. எழுதியதற்காக அவர் நாற்பது வருடம் ஏழாவது மதகுப் பக்கமே போகாமல் இருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் தேனுவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

ஒற்றுப்பிழை எழுதியது:

தலைப்பைப் பற்றி என் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். சதுக்கபூதம் என்ற பெயர் கதைக்குள் இருக்கட்டும். தேனு முதலில் அதைப் பொய்தின்னி என்று கூப்பிட்டு, பிறகு ஒருநாள் அதன் உண்மைப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதாக வைத்தால், பிள்ளை அந்தச் சொல்லைத் தேடிக் கற்காது, சம்பாதிக்கும்.

இப்போது என் தொழில். மேலே நூலகத்தார் ‘பொய்தின்னி’ என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுமியும் அப்படித்தான் உச்சரித்தாள் என்று தெரிகிறது. அதுவே சரி. பொய்யைத் தின்னி, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது, எறும்புதின்னி போல. யாராவது இலக்கணம் தெரிந்தவர் போலத் திருத்தி ‘பொய்த்தின்னி’ என்று போட்டுவிட்டால் பொருளே கவிழ்ந்துவிடும். நம் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். பொய்யான கால், அதனால் க் வருகிறது. சிலம்பில் அதே பூதம் வரும் இடத்தில் பொய்க்கரியாளர் என்று இருக்கிறது. கரி என்றால் சாட்சி, பொய்யான சாட்சி சொல்பவர், அங்கேயும் க் வருகிறது. ஆகவே பொய்த்தின்னி என்றால் தின்பதுபோல் நடிக்கும் பூதம். உங்கள் பூதம் நிஜமாகவே தின்கிறது.

ரெட்டைவால்_அம்மா எழுதியது:

அய்யா, ஒரு த்-துக்குள் இவ்வளவு இருக்கிறதா? என் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் எடுத்திருக்கலாம்.

தின்னி பற்றிய என் தயக்கம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. ஆனால் வாங்குவேன்.

அச்சுக்கூடம் எழுதியது:

முதுகுக்குக் கச்சிதம். ஐந்தே எழுத்து. அட்டையில் பூதம் மதகுக்குள் பிதுங்கிக்கொண்டு முழிக்கிற படம். இது என்ன, ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றும். தலைப்பு பாதிப் பதில் சொல்லும். தேடியும் பார்த்தேன், இந்தப் பெயரில் புத்தகம் எதுவும் கண்ணில் படவில்லை. நீங்களும் ஒரு முறை பாருங்கள்.

சம்பா_தாளடி எழுதியது:

சரி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ஒரு குறை. இந்தத் தலைப்பில் காவிரியும் இல்லை, மடையும் இல்லை. மதுரையிலோ சேலத்திலோ நடக்கிற கதைக்குக்கூட இதை வைக்கலாம். கீழே சின்னதாக ‘ஒரு கடைமடைக் கதை’ என்று போட்டால் என்ன?

நூலகத்து மாமா எழுதியது:

துணைத்தலைப்பை எந்தப் பிள்ளையும் படித்து நான் பார்த்ததில்லை. அது விருதுக் குழுவுக்காக வைப்பது. ஆனால் தம்பியின் குறை நியாயமானது. அதை உள்ளே கொண்டு போகலாம். தங்கச்சி, அத்தியாயங்களுக்குப் பெயர் இருக்கிறதா, வெறும் எண்தானா?

கோரையாற்றங்கரை எழுதியது:

வெறும் எண்தான் மாமா.

நூலகத்து மாமா எழுதியது:

தேனு தெற்கிலிருந்து வடக்கே போகிறாள். எண்ணுக்குப் பதில் அவள் தாண்டும் இடங்களின் பெயர் இருக்கட்டும். முதல் அத்தியாயம் ‘கடைமடை’. கடைசிக்கு முந்தினது ‘மூணாறு தலைப்பு’. முன் அட்டையின் உள்பக்கம் பிள்ளை வரைந்த மாதிரி ஒரு படம். மேலே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரியும் இடம், கீழே அலையாத்திக் காடும் கடலும், நடுவில் ஏழு மதகு. கோவைப் பிள்ளை அந்தப் படத்தில் விரல் வைத்துக் கூடவே நடக்கும். அதற்கு மேல் கடைமடை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

சம்பா_தாளடி எழுதியது:

இது போதும் எனக்கு. வாய்க்காலுக்கும் தலைப்பு வேண்டும், புத்தகத்துக்கும் தலைப்பு வேண்டும், இரண்டிலும் நாம் கடைசியில்தான் வாங்குகிறோம் என்று கிண்டலாக எழுத நினைத்தேன். பார்த்தால் அதையே அத்தியாயமாக வைத்துவிட்டீர்கள்.

கோரையாற்றங்கரை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். பொய்தின்னி.

இன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், நீ வைத்த பெயரைப் புத்தகத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தான் அப்படிச் சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லை. “அது பேரே அதுதானே டீச்சர்?” என்றாள். நன்றிப் பக்கத்தில் தெருவின் பெயரைப் போடுகிறேன். பதினான்கு பேரும் அதில் அடக்கம்.

அய்யா சொன்னபடி, சதுக்கபூதம் என்ற பெயர் 15-வது அத்தியாயம் வரை வராமல் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குள் அச்சுக்கூடத்தாருக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஒற்றுப்பிழை எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. அச்சுக்கூடத்தாருக்கு ஒரு வேண்டுகோள். டிடிபி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நல்ல எண்ணத்தில் அவரே ஒரு ‘த்’ போட்டுவிடுவார்.

அச்சுக்கூடம் எழுதியது:

போட்டுவிட்டார் அய்யா. மாதிரி அட்டை காலையில் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.